தேய்ந்த ரோமச் செப்புக்காசு: எழுத்துப் போனாலும் உருவம் சொல்லும்

இலங்கை மண்ணில் கிடைத்த ரோமக் காசு என்றதும் பேரரசனின் தலை எடுப்பாகத் தெரியும் பெரிய நாணயத்தைத்தான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அநுராதபுரம், சீகிரியா, தெற்குக் கரையோரம், வடக்கே கந்தரோடை என்று இங்கே கிடைத்தவற்றில் பெரும்பாலானவை கி.பி. 4ஆம் நூற்றாண்டையும் 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியையும் சேர்ந்த சின்னஞ்சிறு செப்புக்காசுகள். நம்முடைய ஒரு ரூபாக் குற்றியின் விட்டம் 20 மில்லிமீற்றர். இவற்றில் பல அதைவிடச் சிறியவை. 12, 13 மில்லிமீற்றரிலேயே நிறைய உண்டு. கறுத்து, விளிம்பு உடைந்து, எழுத்தில் பாதி போய்க் கிடக்கும். கையில் எடுத்தவர் இரண்டு நிமிடத்தில் சலித்துக் கீழே வைத்துவிடுவார்.

சலிப்பு வருவதற்குக் காரணம், எழுத்தை வாசிக்கத் தொடங்குவதுதான். இந்தக் காசில் முதலில் அழிவது எழுத்து. காசு அடிக்கும் வெறும் உலோக வில்லை சின்னது, உருவம் பதிக்கும் அச்சு பெரியது. அடிக்கும்போதே பாதி எழுத்து வில்லைக்கு வெளியே போயிருக்கும். நடுவிலிருக்கும் உருவம் அப்படிப் போகாது. அதோடு பிற்காலத்துச் செப்புக்காசுகளில் பின்பக்க உருவங்கள் கணக்கில்லாமல் இல்லை. அடிக்கடி வருபவை பத்துப் பன்னிரண்டுதான். ஆள் நிற்கிற விதத்தையும் கையில் இருப்பதையும் பிடித்துவிட்டால், ஓர் எழுத்துக்கூடத் தெரியாத காசையும் பத்து, இருபது ஆண்டு வீச்சுக்குள் கொண்டுவந்து நிறுத்தலாம். கோயில் சிற்பத்தில் முகம் மழுங்கிப் போயிருந்தாலும் வேலைப் பார்த்து முருகன் என்கிறோமே, அதே கணக்குத்தான்.

வேண்டிய சாமான் கொஞ்சம். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, வேர்னியர் இடுக்கிமானி, பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி, ஒரு விளக்கு. நால்வகையும் புறக்கோட்டையிலேயே வாங்கிவிடலாம். இவற்றில் முக்கியமானது விளக்கு. மேலேயிருந்து நேரே விழும் வெளிச்சத்தில் தேய்ந்த காசு வெறும் தகடாகத்தான் தெரியும். அறையை இருட்டாக்கி, கைத்தொலைபேசியின் டோர்ச்சை மேசையை ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் வைத்து, காசை மெல்லச் சுற்றுங்கள். வெளிச்சம் இடது மேற்பக்கத்திலிருந்து வரும்போது கண்ணுக்கு உருவம் மேடாகத் தெரியும். கீழிருந்து வந்தால் மேடு பள்ளமாகப் புரண்டு குழப்பும். நான்கு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு படம் எடுத்து அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒன்றில் மறைந்த கால் இன்னொன்றில் தெரியும்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் காசுகளுக்கு அந்தக் காலத்தில் என்னென்ன பெயர் வழங்கியது என்பதில் தெளிவில்லாததால், சேகரிப்பவர்கள் விட்டத்தை வைத்தே வகுக்கிறார்கள். 25 மில்லிமீற்றருக்கு மேற்பட்டது ஏஇ1, 21 முதல் 25 வரை ஏஇ2, 17 முதல் 21 வரை ஏஇ3, அதற்குக் கீழே ஏஇ4. இலங்கையில் கைக்கு வருவது பெரும்பாலும் பின்னைய இரண்டும்தான்.

எடையை நம்பி முடிவு சொல்லக்கூடாது. தப்ரபேன், அதாவது இலங்கையின் அரசன், ரோம வெள்ளிக் காசுகளில் தலைகள் வேறு வேறாக இருந்தும் எடை ஒன்றாக இருந்ததைக் கண்டு வியந்தான் என்று முதலாம் நூற்றாண்டில் ரோம எழுத்தாளர் பிளினி எழுதிவைத்தார். அந்தப் பெருமை வெள்ளிக்கு. 4ஆம் நூற்றாண்டுச் செப்புக்காசில் ஒவ்வொரு வில்லையையும் நிறுத்துப் பார்த்து அடிக்கவில்லை. ஓர் இறாத்தல் உலோகத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய 325 கிராமிலிருந்து, இத்தனை காசு என்பதே கணக்கு. ஆகவே ஒரே பட்டறையில் ஒரே நாளில் அடித்த இரண்டு காசுகளில் ஒன்று 0.9 கிராமும் மற்றது 1.4 கிராமும் இருந்தால் அதில் ஆச்சரியமில்லை. போதாக்குறைக்கு மண்ணுப்பு உலோகத்தைத் தின்றுவிட்டால் எடை இன்னும் குறையும். எடையைக் குறித்துவையுங்கள், முடிவை உருவத்திடம் கேளுங்கள்.

முதலில் தலைப்பக்கம். பெரும்பாலும் வலப்பக்கம் பார்க்கும் பக்கமுகம். தலையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. இலைமாலை என்றால் பேரரசருக்குப் பொதுவாக 325ஆம் ஆண்டுக்கு முன்பு. முத்தோ ரோசாப்பூ வடிவமோ கோத்த முடிப்பட்டி என்றால் அதற்குப் பிறகு. முடிப்பட்டியின் இரண்டு நாடா நுனிகளும் பிடரியில் தொங்கும். முகம் முழுதாகத் தேய்ந்த பிறகும் அந்த நாடா தெரிவது வழக்கம். தலையில் ஒன்றுமே இல்லாமல் வெறுந்தலையாக இருந்தால் பெரும்பாலும் 350களின் ஆட்கள், இளவரசர்களான கலஸ், ஜூலியன் போன்றவர்கள். தாடி இருந்தால் கவனியுங்கள். பேரரசன் கொன்ஸ்தந்தீனுக்குப் பிறகு சவரம் செய்த முகமே வழக்கமாகிவிட, பேரரசனான பின் ஜூலியன் தத்துவவாதிபோலத் தாடி வளர்த்தான். அந்தியோக்கியா நகரத்தார் தாடியையும் கேலி செய்தார்கள், அவன் காசிலிருந்த எருதையும் கேலி செய்தார்கள். அவனோ பதிலுக்குத் தன் தாடியைத் தானே திட்டுவதுபோல ஒரு நூலே எழுதினான். அந்த எருதுக் காசு பெரியது, ஏஇ1. எருதின் மேலே இரண்டு நட்சத்திரங்கள். கொழும்பில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

இனிப் பின்பக்கம். காலவரிசையில் போவோம். மேற்கோள் குறிக்குள் வருபவை காசிலுள்ள இலத்தீன் வாசகங்கள்; அவற்றையே வகையின் பெயராகச் சொல்வார்கள்.

இரண்டு போர்வீரர் எதிரெதிரே நின்று, ஆளுக்கொரு ஈட்டியும் தரையில் ஊன்றிய கேடயமுமாக இருந்தால், அது படையின் புகழ் சொல்லும் ‘குளோரியா எக்ஸெர்கிட்டூஸ்’ வகை. இதில் பார்க்கவேண்டியது ஆட்களை அல்ல, நடுவில் எத்தனை கொடிக்கம்பம் என்பதை. இரண்டு கம்பம் என்றால் 330 முதல் 335 வரை. காசு ஏறக்குறைய 2.5 கிராம். ஒரே கம்பம் என்றால் 335க்குப் பிறகு. எடையும் ஒன்றரைக் கிராமளவுக்கு இறங்கிவிடும். காசு சுருங்கச் சுருங்க இரண்டு கம்பத்துக்கு இடமில்லாமல் ஒன்றைக் கழற்றியதுபோல இருக்கும். தேய்ந்த காசில் கம்பம் நடுவில் ஒரு கோடாகத்தான் தெரியும். வீரர்களின் தலைக்கு மேலே போகும் கோட்டை எண்ணுங்கள், ஈட்டியையும் கம்பம் என்று சேர்த்து எண்ணிவிடாதீர்கள். ஈட்டி வெளிப்பக்கம், கம்பம் உட்பக்கம்.

330இல் கொன்ஸ்தாந்திநோபிள் நகரத்தைத் திறந்துவைத்த கையோடு இன்னும் இரண்டு வகை வந்தன. ஓநாய் இரட்டைப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் காசு ரோம் நகரத்துக்கு. கப்பலின் முன்நுனியில் கால்வைத்து நிற்கும் சிறகுள்ள வெற்றிதேவதை புதிய நகரத்துக்கு. இரண்டின் முன்பக்கத்திலும் பேரரசன் இல்லை, தலைச்சீரா அணிந்த நகரதேவதையே இருக்கிறாள். ஓநாய் எவ்வளவு தேய்ந்தாலும் முதுகின் வளைவு போகாது. மேலே இரண்டு நட்சத்திரம்.

கொன்ஸ்தந்தீன் 337இல் இறந்தபின் அடித்த ஒரு காசு இந்தச் சின்னக் காசுகளிலேயே மிகவும் சுவையானது என்பேன். முன்பக்கத்தில் முக்காடிட்ட தலை. பின்பக்கத்தில் நான்கு குதிரை பூட்டிய தேரில் பேரரசன் மேலே போகிறான். வானத்திலிருந்து ஒரு கை இறங்கி அவனைப் பிடிக்க நீள்கிறது. பழைய வழக்கப்படி இறந்த பேரரசன் தேவனாகிறான். கிறிஸ்தவன் கண்ணுக்கு அந்தக் கை கடவுளின் கை. இருசாராரும் தங்களுக்கு வேண்டியபடி பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவும் பதினைந்து மில்லிமீற்றர் வட்டத்துக்குள்.

348இல் ‘ஃபெல் டெம்ப் ரெபராட்டியோ’ வருகிறது: நல்ல காலம் மீண்டது என்ற அறிவிப்பு. ரோம் நகரம் நிறுவப்பட்டதாகச் சொல்லும் கி.மு. 753இலிருந்து எண்ணினால் 1100ஆவது ஆண்டு. உருவங்கள் பலவகை. உருண்டைமேல் நிற்கும் பீனிக்ஸ் பறவை, கப்பலில் நிற்கும் பேரரசன், குடிசையிலிருந்து ஒரு சிறுவனை வெளியே இழுத்துவரும் வீரன். ஆனால் மற்றவற்றையெல்லாம் விழுங்கிவிட்டு நிலைத்தது ஒன்றுதான்: குதிரையோடு விழுகிற எதிரியை ரோம வீரன் ஈட்டியால் குத்துவது. நல்ல காலத்துக்குத் தேர்ந்தெடுத்த காட்சி இது. தொடக்கத்தில் 5 கிராமளவு இருந்த காசு சில ஆண்டுகளில் 2 கிராம் சொச்சத்துக்கு இறங்கியது. தேய்ந்ததில் இதைப் பிடிப்பது எளிது. இடப்பக்கம் சாய்ந்து முன்னே எட்டுவைக்கும் பெரிய உருவம், மேலேயிருந்து கீழே ஒரு சாய்கோடு, கீழே இடப்பக்கத்தில் குழம்பிய மேடு. அந்த மேடுதான் குதிரையும் ஆளும். எதிரி குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறானா, பின்னே திரும்பிக் கையை நீட்டுகிறானா, தரையில் உட்கார்ந்துவிட்டானா என்பதை வைத்து மேலும் பிரிப்பார்கள். அதற்குக் காசு நல்ல நிலையில் இருக்கவேண்டும்.

355இலிருந்து 361 வரை, ஒரு கையில் உருண்டையும் மறுகையில் ஈட்டியுமாகத் தனியே நிற்கும் பேரரசன்; ‘ஸ்பெஸ் ரெய்பூப்ளிக்கே’. நடுவில் ஒற்றை மெல்லிய ஆள், வேறொன்றுமில்லை என்றால் இதை முதலில் நினையுங்கள்.

364 முதல் 378 வரை வலென்டினியன், வலென்ஸ், கிராட்டியன் காலத்தில் இரண்டே வகை வெள்ளமாக வெளிவந்தன. ஒன்று, வெற்றிதேவதை கையில் மாலையும் ஈச்ச ஓலையுமாக இடப்பக்கம் நடப்பது, ‘செகூரிட்டாஸ்’. மற்றது, பேரரசன் ஒரு கையில் கொடி பிடித்து, மறுகையால் ஒரு கைதியைத் தலைமுடியில் பற்றி இழுத்துக்கொண்டு வலப்பக்கம் நடப்பது, ‘குளோரியா ரோமனோரும்’. இந்த இரண்டாவதையும் அடுத்து வரும் வகையையும்தான் எல்லாரும் மாற்றிச் சொல்வார்கள்.

அந்த அடுத்த வகை ‘சாலூஸ் ரெய்பூப்ளிக்கே’. 388இலிருந்து 5ஆம் நூற்றாண்டின் முதலிரண்டு ஆண்டுகள் வரை. இதிலும் கைதியை இழுக்கிறார்கள், ஆனால் இழுப்பவள் வெற்றிதேவதை, நடப்பது இடப்பக்கம், தோளில் வெற்றிச்சின்னக் கம்பு, முன்னாலுள்ள வெற்றிடத்தில் கீ-ரோ குறி, அதாவது கிறிஸ்துவின் கிரேக்கப் பெயரில் முதலிரண்டு எழுத்துகளைச் சேர்த்த குறி. பேரரசன் இழுக்கும் காசு ஏஇ3, 2 கிராமுக்கு மேல். தேவதை இழுக்கும் காசு ஏஇ4, ஒரு கிராம் சொச்சம். திசையும் அளவும் சேர்ந்து பார்த்தால் குழப்பமே வராது.

இலங்கைக்காரருக்கு மிகவும் வேண்டியது 395க்குப் பிந்திய மூன்று வகைகள். பேரரசன் ஈட்டியோடும் கேடயத்தோடும் நிற்க, பக்கத்தில் வெற்றிதேவதை அவன் தலையில் மாலை வைப்பது ‘விர்ட்டூஸ் எக்ஸெர்கிட்டி’. 395 முதல் 401 வரை. பிறகு மூன்று பேர் வரிசையாக நிற்கும் காசு. இதில் நடுவில் நிற்பவர் மற்ற இருவரையும்விடக் குட்டை. அது அச்சு வெட்டியவரின் கைப்பிழை அல்ல. ஓரங்களில் ஆர்க்காடியசும் ஹொனோரியசும், நடுவில் 402இல் கைக்குழந்தையாகவே பேரரசனாக்கப்பட்ட இரண்டாம் தியோடோசியஸ். 408இல் ஆர்க்காடியஸ் இறந்ததும் காசில் இரண்டு பேராகிறார்கள். நடுவில் ஓர் உருண்டையை இருவரும் பிடித்திருப்பார்கள். செப்புக்காசில் ஒரு வீட்டுத் துக்கத்தை இத்தனை நேராகப் பார்ப்பது அபூர்வம்.

ஆளே இல்லாமல் மாலைக்குள் எழுத்து மட்டும் இருந்தால் அது நேர்த்திக்காசு. ‘வோட் பத்து முல்ட் இருபது’ என்பது பத்து ஆண்டு ஆட்சிக்கு வைத்த நேர்த்தி நிறைவேறியது, இருபதுக்கு இனி வைக்கிறோம் என்பதன் சுருக்கம். எண்கள் ரோம முறையில் எக்ஸ், எக்ஸ் எக்ஸ் என்று இருக்கும். இதை ஆட்சியாண்டு என்று எண்ணி அப்படியே கணக்குப் போட்டால் தவறு; பல தடவை நேர்த்தியை முன்கூட்டியே கொண்டாடிவிட்டார்கள்.

ஒரு காசை எடுத்து முழுதாகப் பார்ப்போம். விட்டம் 13 மில்லிமீற்றர், எடை 1.05 கிராம், நிறம் கறுப்பு, விளிம்பில் மூன்றிலொரு பங்கு இல்லை. தலைப்பக்கத்தில் வலப்பக்கம் பார்க்கும் முகம். கண்ணும் மூக்கும் ஒன்றாகிவிட்டன, பிடரியில் மட்டும் இரண்டு சிறு கோடுகள். அவை முடிப்பட்டி நாடா. ஆக 325க்குப் பிந்தியது. பின்பக்கத்தில் நடுவில் ஓர் ஆள், கால்கள் இடப்பக்கம் போகின்றன. தோளுக்குப் பின்னே ஒரு நீட்டல்: சிறகா, கம்பா தெரியவில்லை. வலப்பக்கம் கீழே, முழங்கால் உயரத்தில் ஒரு குமிழ். வெளிச்சத்தை மாற்றினால் இடப்பக்க வெற்றிடத்தில் ஒரு நிமிர்ந்த கோடும் அதைக் குறுக்கே வெட்டும் பெருக்கல் குறியும். போதும். குமிழ் கைதி, குறி கீ-ரோ, காசு ‘சாலூஸ்’, காலம் 388க்குப் பிறகு. இப்போதுதான் எழுத்துக்குப் போகவேண்டும். இந்த வகையை அடித்தவர்கள் இரண்டாம் வலென்டினியன், தியோடோசியஸ், ஆர்க்காடியஸ், ஹொனோரியஸ் என்று நால்வர். தலைக்கு வலப்பக்கத்தில் பெயரின் வால் இருக்கும். அதில் ‘ஐ வி எஸ்’ தெரிந்தால் அதற்கு முந்திய எழுத்தைப் பாருங்கள்: எஸ் என்றால் தியோடோசியஸ், டி என்றால் ஆர்க்காடியஸ், ஆர் என்றால் ஹொனோரியஸ். ‘ஏ என் வி எஸ்’ என்று முடிந்தால் வலென்டினியன். ஓர் எழுத்தால் ஆள் தெரிந்துவிடும். அந்த ஓர் எழுத்தும் இல்லையென்றால் நால்வரில் ஒருவர் என்று எழுதி நிறுத்துங்கள். ஊகித்து ஒரு பெயரைப் போடுவதைவிட அது எத்தனையோ மேல்.

பின்பக்க உருவத்தின் காலடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே அடித்த நகரத்தின் சுருக்கம். ஏ என் டி என்றால் அந்தியோக்கியா, ஏ எல் ஈ அலெக்சாந்திரியா, சி ஓ என் எஸ் பெரும்பாலும் கொன்ஸ்தாந்திநோபிள், எஸ் எம் கே சிசிக்கஸ், எஸ் எம் என் நிக்கோமீடியா, எஸ் எம் ஹெச் ஹெராக்ளியா. நகரச் சுருக்கத்தோடு ஒட்டி வரும் தனியெழுத்து, அல்ஃபா, பீட்டா, காமா என்று, அந்த நகரத்துக்குள் எந்தப் பட்டறை என்பதைக் காட்டும். சி ஓ என் எஸ் டி என்று கடைசியில் ஒரு டி இருந்தால் கவனம்: அது பிரான்சிலுள்ள ஆர்ல் நகரமாக இருக்கலாம். ஒரு காலத்தில் அந்த நகரத்துக்கும் கொன்ஸ்தந்தீன் குடும்பப் பெயரே வைத்திருந்தார்கள். சின்னக் காசில் இந்த வரிதான் வில்லைக்கு வெளியே போகும் முதல் ஆள், கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இவ்வளவும் பார்த்தும் எதிலும் அடங்காத காசு வரும். உருவம் நிற்கும் ஆள்தான், ஆனால் கைகால் குச்சிபோல. எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடும் புள்ளியும். அது இங்கேயே ரோமக் காசைப் பார்த்து அடித்த போலச்செய்தலாக இருக்கலாம். மாத்தறைப் பக்கம் நைமனையில் கிடைத்த காசுகளை வைத்து இந்த வகையை நைமனைக் காசு என்பாரும் உண்டு. இதைக் கள்ளக்காசு என்று ஒதுக்குவது அறியாமை. அந்தக் காலத்துச் சந்தையில் புழங்கிய சில்லறை இது. தேய்ந்த உண்மைக் காசிலிருந்து இதைப் பிரிப்பது எப்படி? தேய்மானம் உயரமான இடத்தைத்தான் முதலில் தின்னும். ஆகவே உண்மைக் காசில் எழுத்து மங்கும், ஆனால் மிஞ்சிய கோடு நேராகவும் ஒழுங்கான இடைவெளியிலும் இருக்கும். போலச்செய்ததில் கோடு கூராகவே இருக்கும், எழுத்தாக மட்டும் ஆகாது.

வேறு குழப்பங்களும் உண்டு. பொலனறுவைக் காலத்து மாசக்காசிலும் நிற்கும் ஆள் இருப்பான். அதன் மறுபக்கம் உட்கார்ந்த உருவமும் நாகரி எழுத்தும், தகடும் தடிப்பு. ஒல்லாந்தர் காலச் செப்புக்காசு என்றால் கொம்பனி முத்திரையும் ஆண்டும் எண்ணாக இருக்கும். ரோமக் காசில் இப்படி ஆண்டைப் பொறிக்கும் வழக்கமில்லை.

பெரிய வெண்கலக் காசுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அவை நம் ஊரில் மிகவும் குறைவு. அகஸ்டஸ் காலத்திலிருந்து செஸ்டர்ஷியஸ் 25 கிராமளவு, பித்தளை. டுபோன்டியஸ் அதில் பாதி, அதுவும் பித்தளை. ஆஸ் 10, 11 கிராம், செம்பு. பின்பக்கத்தில் எஸ் சி என்ற இரண்டு பெரிய எழுத்துகள் செனட் சபையைக் குறிக்கும். நீரோவுக்குப் பிறகு டுபோன்டியசில் பேரரசன் தலையில் சூரியக்கதிர் முடி இருப்பது வழக்கம். ஆசிலிருந்து பிரிக்க அது உதவும். இவற்றின் பின்பக்கத்துத் தேவதைகளைக் கையிலிருப்பதை வைத்தே அறியலாம். சுக்கானும் வளக்கொம்பும் என்றால் ஃபோர்ச்சூனா. தராசு என்றால் எக்விட்டாஸ் அல்லது மொனெட்டா. பாம்புக்கு உணவூட்டினால் சாலூஸ். பூவைப் பிடித்துக்கொண்டு பாவாடை நுனியைத் தூக்கினால் ஸ்பெஸ். தூணில் சாய்ந்தால் செகூரிட்டாஸ். 80இல் டைட்டஸ் அடித்த கொலோசியக் காசும், 71இல் வெஸ்பாசியன் யூதேயா வெற்றிக்காக அடித்த, ஈச்சமரத்தடியில் அழும் பெண்ணின் காசும் பேர்போனவை. பேர்போனவை என்பதாலேயே போலியும் அதிகம். இத்தாலியின் படுவாவில் ஜியோவன்னி கவினோ என்பவர் 16ஆம் நூற்றாண்டிலேயே இப்படிப் பெரிய காசுகளை அச்சசலாகச் செய்தார். இன்றைக்கு விற்கும் போலிகள் பெரும்பாலும் வார்ப்பு. விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய தையல் கோடு, பரப்பில் ஊசிக்குத்துபோலக் காற்றுக்குமிழிப் பள்ளம், சவர்க்காரத்தில் செய்ததுபோல மழுங்கிய எழுத்து மூலை. இம்மூன்றையும் கண்ணாடி வைத்துத் தேடுங்கள்.

நேரில் பார்க்கக் கொழும்பில் இரண்டு இடம். 1877இல் திறந்த தேசிய நூதனசாலை, கொழும்பு 7. மற்றது கோட்டை சதாம் வீதியில் மத்திய வங்கியின் நாணயக் காட்சியகம்.

இனிக் கொழும்பில் இந்தக் காசுகளை உண்மையில் அழிப்பது எது என்று பார்ப்போம். இரண்டு: நம் பழப்புளியும், கடற்காற்றும்.

குத்துவிளக்குத் தேய்க்கிற பழக்கத்தில் பழங்காசையும் பழப்புளி, தேசிக்காய், வினாகிரி போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். பதினாறு நூற்றாண்டில் உருவத்தின் மேற்பரப்பு செம்பிலிருந்து களிம்பாக மாறிவிட்டது; கோடும் மூக்கும் கண்ணும் இப்போது அந்தக் களிம்பில்தான் இருக்கின்றன. அமிலம் பட்டால் களிம்பு கரையும், கூடவே உருவமும் போகும். மிஞ்சுவது பள்ளம் விழுந்த இளஞ்சிவப்புத் தகடு. தேங்காய் எண்ணெயும் வேண்டாம். எண்ணெய்க் கொழுப்பமிலம் செம்போடு சேர்ந்து பச்சைப் பிசினாகும். மின்பகுப்பு முறை பற்றி இணையத்தில் நிறையப் படம் போடுகிறார்கள். சின்னக் காசுக்கு அது கொலை.

செய்யக்கூடியது மெதுவானது. காய்ச்சிவடித்த நீரில் ஊறவிடுங்கள். பற்றரிக்கு ஊற்றும் தண்ணீர் போத்தல் எரிபொருள் நிலையங்களில் கிடைக்கும். பக்கத்திலேயே பற்றரி அமிலமும் விற்பார்கள், லேபலை வடிவாகப் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, ஆகாது. முதல் வாரம் நாள்தோறும் நீரை மாற்றி, பிறகு வாரம் ஒருமுறை. மண் இளகியதும் ஈர்க்கில் நுனியைச் சீவி, கண்ணாடியின் கீழே வைத்து, மண்ணை மட்டும் தள்ளுங்கள். ஊசி கூடாது. மண்ணுக்கும் களிம்புக்கும் எல்லை தெரியாத இடத்தில் நிறுத்திவிடுங்கள். இறுதியில் அல்கஹோலில் முக்கியெடுத்து மின்குமிழ்ச் சூட்டில் முழுதாகக் காயவிடுங்கள்.

கடற்காற்று செய்வது இன்னும் மோசம். மண்ணிலிருந்து காசுக்குள் புகுந்த குளோரைட்டு, ஈரமும் ஒட்சிசனும் கிடைத்ததும் வேலையைத் தொடங்கும். இதை வெண்கல நோய் என்கிறார்கள். அடையாளம் வெளிர்பச்சை, பொடி, தொட்டால் உதிரும். நல்ல களிம்பு கடினம், நகத்தால் சுரண்டினால் வராது. சந்தேகமாக இருந்தால் மூடிய டப்பாவுக்குள் ஈரப்பஞ்சுக்குப் பக்கத்தில் ஓரிரு நாள் வைத்துப் பாருங்கள். நோய் இருந்தால் புதுப் பொடி பூக்கும். டப்பாவின் ஈரப்பதம் 40 வீதத்துக்குக் கீழே இருந்தால் நோய் அடங்கியிருக்கும். கொழும்புக் காற்றில் 70க்கு மேலே சர்வசாதாரணம். குளிரூட்டிய அறை போதும் என்று நம்பக்கூடாது; குளிரூட்டியை நிறுத்தியதும் சில்லிட்ட காசின்மேல் ஈரம் படியும்.

நோய் பிடித்த காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவையுங்கள்; உதிர்ந்த பொடி பக்கத்துக் காசில் விழக்கூடாது. பொடியை ஈர்க்கிலால் நீக்கி, ஒரு லீற்றர் காய்ச்சிவடித்த நீரில் 28 கிராம் சோடியம் காபனேற்றும் 22 கிராம் அப்பச்சோடாவும் கரைத்து அதில் ஊறவிடுங்கள். வாரம் ஒருமுறை கரைசலை மாற்றவேண்டும். வாரக்கணக்கிலிருந்து மாதக்கணக்கு வரை எடுக்கும். சில காசுகளில் களிம்பின் நிறம் நீலம்பாரிக்கும். அது இந்த முறைக்குக் கொடுக்கும் விலை. பிறகு நல்ல நீரில் பலமுறை அலசிக் காயவைத்து, அல்கஹோலில் 3 வீதம் பென்சோட்ரயசோல் (செம்பு அரிபடாமல் காக்கும் இரசாயனம்) கரைத்து ஒரு நாள் ஊறவைப்பது வழக்கம். இது நச்சுப்பொருள்: கையுறை, திறந்த யன்னல், சமையலறையில் கூடவே கூடாது. கடைசியில் நுண்படிக மெழுகு ஒரு மெல்லிய பூச்சு.

வைக்கும் இடம்: காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரப்பதமானி. ஜெல் செம்மஞ்சளிலிருந்து பச்சையானதும் 110, 120 பாகையில் இரண்டு மூன்று மணி நேரம் அவணில் வைத்தால் மீண்டும் பழைய நிலைக்கு வரும். மென்மையான பீவிசி உறைகள் கண்ணுக்கு அழகு, ஆனால் காலப்போக்கில் பச்சைப் பசையை வடித்துக் காசை அரிக்கும். பொலியெஸ்டர் உறை வாங்குங்கள். தேக்கோ வேறு மரமோ, மூடிய மர இழுப்பறையில் அமில ஆவி தேங்கும். ரப்பர் பட்டி வேண்டவே வேண்டாம், அதில் கந்தகம் இருக்கிறது.

தோட்டத்தில் கிணறு வெட்டும்போது காசு கிடைத்தால் கழுவ முன்பே சட்டத்தை நினைக்கவேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் தொல்பொருள். மண்ணிலிருந்து வருவது அரசுக்குரியது, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். அனுமதியின்றித் தோண்டுவதும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதும் குற்றம். வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரருக்கு அன்பளிப்பாக ஒன்றிரண்டு கொடுத்துவிடுவோம் என்பதும் இதில் அடக்கம்.

ஏற்கெனவே வீட்டில் பரம்பரையாக இருப்பவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். விட்டம், எடை, இருபக்க உருவம், தெரிந்த எழுத்து மட்டும், யாரிடமிருந்து எந்த ஊரிலிருந்து வந்தது. அதோடு அச்சுத் திசையும்: தலைப்பக்கத்தை நேராகப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்க ஆளின் தலை 12 மணிக்கு நிற்கிறதா 6 மணிக்கா என்று. பென்சிலால், அமிலமில்லாத கடதாசியில் எழுதி உறைக்கு வெளியே வையுங்கள். சீட்டைக் காசோடு ஒட்டவைக்கக் கோந்தோ செலோடேப்போ பாவிக்க வேண்டாம்.